சோறு போட்ட ஊரும் ‘பேசவும்’ போட்ட தாசில்தாரும்

நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் டீயும் மிக்சரும் வைத்து, சால்வை போர்த்தி, என்னைப் பற்றி நாலு பேர் நாலு பொய் சொன்னார்கள். அது எல்லோருக்கும் நடப்பதுதான். கூட்டம் கலைகிற நேரத்தில், முதியோர் உதவித்தொகைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த உதவியாளர் பெண் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், அப்பீல் ஃபைலுங்க மலை மாதிரி கெடக்குது. எதைப் பிரிச்சாலும் யாரோ ஒருத்தர் ரிப்போர்ட் வரணும்னு நிக்குது. நீங்க சீட்ல இருக்கும்போது எப்படி சார் நகர்த்துனீங்க?”

டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். என் காலத்தில் கிராமத்துக்கு ஒரு மணியக்காரர் இருந்தார். வாரிசு வழியாக வந்த பதவி. ஊரைப் பற்றி சர்க்காருக்கு எது தெரிய வேண்டுமானாலும் அவர்தான் எழுதித் தர வேண்டும். இப்போது அந்தப் பதவியை ஒழித்துவிட்டார்கள். ஆனால் ரிப்போர்ட் வராத வியாதி மட்டும் ஒழியவில்லை என்று அந்தப் பெண்ணின் பேச்சிலிருந்து தெரிந்தது.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவில். குடும்பத்தில் எல்லோரும் கோயில் கைங்கரியம். நான் ஒருவன்தான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பரீட்சை எழுதி, சர்க்கார் குமாஸ்தா ஆனேன். “பெருமாள்கூட சீக்கிரம் வரம் குடுத்துடுவார், உங்க ஆபீஸ்ல ஒரு ரசீது குடுக்க மாட்டானுங்க” என்று அப்பா கேலி செய்வார். முதல் சில வருஷங்கள் காகிதத்துக்கு ஓட்டை போடவும், பக்கத்துக்கு எண் போடவும், ‘மேலான உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று எழுதவும் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கை கறுத்தது, கையெழுத்து திருந்தியது.

அறுபதுகளில் முதியோர் உதவித்தொகை வந்தது. சொத்தில்லாத, உழைக்க முடியாத, ஆதரிக்க யாருமில்லாத வயதானவர்களுக்கு மாதாமாதம் சர்க்கார் ஒரு சிறு தொகையை மணியார்டரில் அனுப்பும். ஆபீசில் யாரும் அந்தப் பிரிவைத் தொட விரும்பவில்லை. அங்கே வருகிறவர்கள் எல்லாம் கிழவன் கிழவிகள். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். எனக்கு வாய் நீளம் என்று பெயர். வாய் நீளமானவனை அழுகிறவர்கள் நடுவில் உட்கார வைத்தால் அடங்குவான் என்று நினைத்தார்களோ என்னவோ, அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள்.

மனு வந்தால் மணியக்காரரிடம் விசாரித்து தாசில்தார் முடிவு செய்வார். தள்ளுபடி ஆனால் அவருக்கு மேலதிகாரியான ஆர்.டி.ஓ.வுக்கு மேல்முறையீடு செய்யலாம். கேட்க நன்றாக இருக்கும். நடப்பது என்னவென்றால், ஆர்.டி.ஓ. ‘அறிக்கை அனுப்புக’ என்று தாசில்தாருக்கு எழுதுவார். தாசில்தார் வருவாய் ஆய்வாளருக்கு, அதாவது ஆர்.ஐ.க்கு எழுதுவார். ஆர்.ஐ. மணியக்காரருக்கு எழுதுவார். முதலில் தள்ளுபடிக்குக் காரணமாக எழுதினாரே, அதே மணியக்காரருக்கு. அவர் அதை வாங்கி வீட்டு உத்தரத்தில் செருகிவிடுவார். மேலே இருந்து நினைவூட்டு வரும். அதன் நகலைக் கீழே அனுப்புவோம். கீழே இருந்து, ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்று பதில் வரும். அதன் நகலை மேலே அனுப்புவோம். ஃபைல் பருக்கும், கிழவி இளைப்பாள்.

இதற்கு நடுவில் எங்கள் தாசில்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஒல்லியான மனிதர், குரல் இன்னும் ஒல்லி. கோபம் வந்தாலும், சிரிப்பு வந்தாலும், யார் காலில் விழுந்தாலும் “ரொம்ப சந்தோஷம்” என்பார். டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தபோதும் அதையே சொன்னார் என்று கேள்வி. எந்த ஃபைலை வைத்தாலும் ஓரத்தில் நீலப் பென்சிலால் ‘பேசவும்’ என்று எழுதுவார். அந்த ஃபைலைப் பற்றி நேரில் வந்து பேசு என்று அர்த்தம். பேசலாம் என்று போனால் ஆள் கேம்ப்புக்குப் போயிருப்பார். திரும்பி வந்தால் சுற்றிலும் கூட்டம் இருக்கும். அவர் முடியாது என்று எந்த ஃபைலிலும் எழுதினதில்லை, ஆகட்டும் என்றும் எழுதினதில்லை. என் பீரோவில் பாதி, ‘பேசவும்’ வாங்கிக்கொண்டு வாயடைத்துக் கிடந்தது. இந்த மனுஷனுக்குச் சம்பளம் எதற்கு என்று பலமுறை பல்லைக் கடித்திருக்கிறேன்.

அப்படிக் கிடந்த ஃபைல்களில் ஒன்று பச்சையம்மாளுடையது.

ஒரகடத்துக்குத் தெற்கே, ஏரியைத் தாண்டி ஒரு சின்ன கிராமம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பச்சையம்மாள் அந்த ஊருக்கு வாழ வந்தவர். பிள்ளை இல்லை. புருஷன் நோயில் படுத்தபோது அவருடைய பங்கு நிலம் பங்காளிகளுக்குப் போனது. கொஞ்சம் பத்திரத்தில் போனது, கொஞ்சம் வாய்ப்பேச்சில் போனது. அவர் இறந்த பிறகு இந்த அம்மாள் முழங்கால் போகும்வரை கூலிக்கு நாற்று நட்டார். அப்புறம் மனு போட்டார். மணியக்காரர், ‘ஊரார் முறை வைத்து உணவளிப்பதால் ஆதரவற்றவர் அல்ல’ என்று எழுதினார். அப்போது இருந்த வேறு தாசில்தார் மனுவைத் தள்ளுபடி செய்தார். யாரோ எழுதிக் கொடுத்து மேல்முறையீடு செய்தார். ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து, ‘உணவளிப்பவர் யார், என்ன உறவு, எந்தப் பொறுப்பில் அளிக்கிறார் என்று குறிப்பிட்டு அறிக்கை அனுப்புக’ என்று கேட்டார்கள். அதற்குப் பதில் வரவே இல்லை. அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு நாள் பச்சையம்மாளே வந்தார். படப்பை வரை யாரோ வண்டியில் ஏற்றி விட்டிருக்கிறார்கள், அங்கிருந்து பஸ். வந்தவர் அழவில்லை. என் எதிரில் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“இன்னா நைனா, என் காயிதம் கீதா, கரையான் துன்னுடுச்சா?”

“இருக்குதும்மா. உங்க ஊர்ல சாப்பாடு போடறாங்கன்னு மணியக்காரர் எழுதியிருக்காரே. அது பொய்யா?”

“பொய்யின்னு சொல்ல மாட்டேன். சோறு கீது. திங்கக்கெழம ஒரு வூடு, செவ்வாக்கெழம ஒரு வூடுன்னு முறை வச்சிக்கினு போடறாங்கோ. அவங்க எல்லாம் துன்னு எழுந்தப்புறம் பின்னாண்ட குந்திக்கினு துன்றேன். போடசொல்ல துன்னணும், போட்டதத் துன்னணும். சோறு இல்லன்னு நான் உன்னாண்ட வரல.”

“அப்புறம் எதுக்கும்மா பணம்?”

“அடுப்பு பத்த வைக்கணும் நைனா. எனக்குன்னு ஒரு குடிசை கீது, உள்ள ஒரு அடுப்பு கீது. பூனை படுத்துக்கினு கெடக்குது அதுல. நான் சாவறதுக்குள்ள என் அடுப்புல நான் ஆக்கித் துன்னணும்.”

எத்தனையோ பேர் அந்த மேஜைக்கு முன்னால் பசி என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்படி யாரும் கேட்டதில்லை. விதிப்புத்தகத்தில் அடுப்புக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த வாரமே ஊரின் நிலவரிக் கிஸ்தி கட்ட வந்த மணியக்காரரைப் பிடித்தேன். நல்ல உயரம், ஜரிகைக் கரை அங்கவஸ்திரம், நெற்றியில் பட்டை. கெட்ட மனிதர் இல்லை. என்னோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

“அந்தம்மா எனக்கு அண்ணி முறை சார். பெரியப்பா புள்ளையோட சம்சாரம். அநாதைன்னு நானே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எங்க வூட்டுக்குப் பொண்ணு குடுக்க எவன் வருவான்? சொந்த அண்ணிக்கு சோறு போட வக்கில்லாத ஊருன்னு படப்பை சந்தையில சிரிப்பானுங்க. எங்க ஊர்ல அநாதைன்னு யாரும் இல்ல சார். ஏரி வெட்டுன காலத்துலேர்ந்து இல்ல.”

“சரி, அப்ப ஆர்.டி.ஓ. கேட்டதுக்கு, இன்னார் சோறு போடறார்னு பேரோட எழுதிக் குடுத்துடுங்க. நானாவது ஃபைலை முடிக்கறேன்.”

“எழுதறேன், எழுதறேன்” என்று எழுந்துவிட்டார். அவர் எழுதப் போவதில்லை என்று எனக்கு விளங்கியது. ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை. லஞ்சம் கேட்டுத் தாமதம் பண்ணினால் சண்டை போடலாம். மானத்துக்காகத் தாமதம் பண்ணுகிறவரிடம் என்ன சண்டை போடுவது.

அறுவடைக் காலத்தில் தாசில்தார் படப்பைப் பக்கம் கேம்ப் கிளம்பினார். ஃபைல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய ஆள் லீவு. நான் போகிறேன் என்று ஜீப்பில் ஏறிக்கொண்டேன். பெட்டியின் மேலேயே பச்சையம்மாள் ஃபைலை வைத்திருந்தேன். பாதி வழியில் சாலை முழுக்க நெற்கதிரைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். எதிரும் புதிருமாகப் போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்தால் களத்து வேலை மிச்சம். தாசில்தார் ஜீப் என்று தெரிந்ததும் பதறி வாரி ஒதுக்கினார்கள், அதுவரை ஜீப் நின்றது. இறங்கிப் போக இடமில்லை, சுற்றிக் கூட்டமும் இல்லை. இனி இந்த மனிதர் எங்கே ஓடுவார் என்று ஃபைலை நீட்டினேன்.

“ஐயா, ‘பேசவும்’னு எழுதியிருக்கீங்க. பேசலாமா?”

திரும்பிப் பார்த்தார். “ரொம்ப சந்தோஷம். பேசு.”

கொட்டித் தீர்த்துவிட்டேன். கிழவி சொன்னது, மணியக்காரர் சொன்னது, என் எரிச்சல் எல்லாம். கடைசியாக என் யோசனையையும் சொன்னேன். காகிதம் அஞ்சு மேஜைக்கு நடந்து நடந்துதான் செத்துப் போகிறது. வருஷத்துக்கு ஒரு முறை ஜமாபந்தி நடக்கும்போது அந்த அஞ்சு மேஜைக்காரர்களும் ஒரே பந்தலில் இருப்பார்கள். ஒவ்வொரு கிராமத்துக் கணக்கையும் ஆர்.டி.ஓ.வே உட்கார்ந்து சரிபார்க்கிற நாள் அது. எதிரில் ஆர்.டி.ஓ., பக்கத்தில் தாசில்தார், பின்னால் ஆர்.ஐ., ஃபைலோடு நான், கணக்கு மூட்டையோடு மணியக்காரர், சுற்றிலும் ஊர்ஜனம். அந்தக் கிராமத்தின் நாளில் பச்சையம்மாளையும் கொண்டுவந்து நிறுத்தினால் அறிக்கையை யாரும் உத்தரத்தில் செருக முடியாது.

அவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். கதிர் வாருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “மணியக்காரர் ரெண்டு வருஷமா எழுதலையே, ஏன்யா?”

“மானம் போயிடும்னு.”

“அநாதைன்னு எழுதினா மானம் போவும். சரி. சோறு போடறது நாங்கதான்னு எழுதினா மானம் வருமே. அதையும் எழுதலையே.”

நான் ஃபைலை மறுபடி புரட்டினேன்.

“ரொம்ப சந்தோஷம். அந்தம்மாவை வரச் சொல்லு. நான் பேசிக்கறேன்” என்றார். வழி கிடைத்து ஜீப் நகர்ந்தது. இவர் எங்கே பேசப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஜமாபந்திக்கு ஆபீஸ் வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் பச்சைத் துணி விரித்த மேஜை, அதன் பின்னால் ஆர்.டி.ஓ. வயதில் இளைஞர், வேகமாகப் படிப்பார், வேகமாகக் கையெழுத்துப் போடுவார். வெயில் பந்தலைத் துளைத்தது. ஆர்.டி.ஓ.வின் சேவகரான டபேதார் பச்சையம்மாள் கிராமத்தின் பெயரைக் கூவினார். மணியக்காரர் தலைப்பாகையோடு வந்து வணங்கினார். அவருக்குப் பின்னால் பங்காளிகள் ஏழெட்டுப் பேர், அவரவர் பட்டா விஷயமாக வந்தவர்கள். கணக்கு முடிந்ததும் மனுக்கள். நான் பச்சையம்மாளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் முன்னால் நிறுத்தினேன்.

ஆர்.டி.ஓ. ஃபைலைப் புரட்டினார். நினைவூட்டுகளை எண்ணிப் பார்த்து முகம் சுளித்தார். “என்ன மணியக்காரர், என் ஆபீஸ் கடுதாசிக்குப் பதிலே இல்லையே?”

மணியக்காரர் தயங்கவில்லை. பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “ஐயா, இந்தம்மா எங்க பங்காளி வூட்டு சம்சாரம். தினம் ஒரு வூடுன்னு முறை வச்சு நாங்க சோறு போடறோம். ஒரு நாள் தவறினது இல்ல. எங்க ஊர்ல அநாதைன்னு யாரும் இல்லீங்க.”

பங்காளிகள் தலையாட்டினார்கள். பந்தலில் இருந்த மற்ற ஊர்க்காரர்களும் “ஆமா, நல்ல ஊரு” என்றார்கள். ஆர்.டி.ஓ.வின் முகம் மலர்ந்தது. “பெரிய விஷயம்தான். உண்மையாம்மா இது?”

“உண்மைதான் சாமி” என்றார் பச்சையம்மாள். பொய் சொல்லத் தெரியாத கிழவி. ஆர்.டி.ஓ.வின் கை பேனாவை எடுத்தது. இழுத்து வந்து நானே அந்த அம்மாளின் ஃபைலுக்குச் சங்கு ஊதிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது தாசில்தார் கனைத்தார். “ரொம்ப சந்தோஷம்ங்க ஐயா. இப்படி ஒரு கிராமம் நம்ம தாலுகாவுல இருக்கறது நமக்கே பெருமை. அப்பீலை இங்கயே தள்ளுபடி பண்ணிடலாம்.”

அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிறுத்தியது.

“ஆனா விதிப்படி பேர் வேணும். சும்மா ஊருன்னு எழுத முடியாது. ‘இந்தம்மாளுக்கு ஆயுசு உள்ளவரைக்கும் ஜீவனாம்சம் கொடுக்க நாங்கள் கடமைப்பட்டவர்கள்’னு பங்காளிங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டா போதும். எல்லாரும் இங்கதான் இருக்காங்க. வரதன், வெள்ளைக் காகிதம் எடு.”

நான் காகிதத்தை எடுத்து நீட்டினேன். ஒரு கையும் நீளவில்லை. ‘ஜீவனாம்சம்’ என்ற வார்த்தை பந்தலுக்குள் பாம்பு வந்த மாதிரி வேலை செய்தது. ஒரு பங்காளி மணியக்காரரின் அங்கவஸ்திரத்தைப் பின்னாலிருந்து இழுத்தார்.

“அண்ணாத்த, போடாத. கடமைன்னு எழுதிட்டா நாளைக்கு அந்த நெலத்துல பங்கு கீதுன்னு யாராச்சும் கேஸ் போட வச்சிடுவான்.”

மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. இரண்டு வருஷமாக உத்தரத்தில் செருகிக் கிடந்த காரணம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அநாதை என்று எழுதினால் மானம் போகும். ஆதரிக்கிறோம் என்று எழுதினால் வாய்ப்பேச்சில் வாங்கின நிலம் போகுமோ என்று பயம். எதையும் எழுதாமல் இருந்தால் இரண்டும் மிச்சம். நம்ம ஆள் ஜீப்பில் உட்கார்ந்து, கதிர் வாருவதைப் பார்த்துக்கொண்டே இதைக் கணக்குப் போட்டிருக்கிறார்.

மணியக்காரர் அங்கவஸ்திரத்தை விடுவித்துக்கொண்டார். “ஐயா, சோறு போடறது எங்க மனசுங்க. கடமைன்னு எழுதித் தர முடியாது.”

“ரொம்ப சந்தோஷம்” என்றார் தாசில்தார், அதே ஒல்லிக் குரலில். “அப்ப அதையே எழுதிடுங்க. அநாதைன்னு எழுத வேணாம். ‘ஊரார் அன்பினால் உணவளிக்கின்றனர். ஆதரிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர் யாருமில்லை.’ உங்க ஊர் பெருமையும் நிக்கும், ஐயாவுக்கு வேண்டிய பதிலும் கெடைக்கும்.”

ஆர்.டி.ஓ. சிரிப்பை அடக்கிக்கொண்டு மேஜையைத் தட்டினார். மணியக்காரர் பங்காளிகளைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். காகிதத்தை வாங்கி, நின்றபடியே எழுதி, கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் ஆர்.டி.ஓ. கீழே உத்தரவு எழுதினார். இரண்டு வருஷம் அஞ்சு மேஜையில் அலைந்த காகிதம், டபேதார் அடுத்த கிராமத்தைக் கூவுவதற்குள் முடிந்துவிட்டது.

“இன்னா நைனா சொல்றாங்கோ?” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார் பச்சையம்மாள்.

“அடுப்புல இருக்கற பூனையை விரட்டச் சொல்றாங்கம்மா.”

என் உத்தியோக காலத்தில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை. பதவி உயர்வு வந்த அன்றுகூட இல்லை. சாயங்காலம் தாசில்தாரிடம் போய், “ஐயா, உங்களை என்னவோன்னு நெனச்சிருந்தேன்” என்றேன்.

“தெரியும்யா. ‘பேசவும்’னு எழுதினா யாராவது வந்து பேசணும். எல்லாரும் அதைப் படிச்சுட்டு பீரோவுல வச்சுப் பூட்டிடறீங்க. நான் என்ன பண்றது” என்றார்.

அது முழு நியாயம் இல்லை. ஓடி ஒளிந்தது அவரும்தான். ஆனால் அன்றைக்கு அவரோடு வாதாட எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஜமாபந்திக்கு முன்னால், தேங்கின மேல்முறையீடுகளைக் கிராமம் வாரியாகப் பிரித்து, அந்தந்தக் கிராமத்தின் நாளில் மனுதாரரையும் வரச் சொல்வதை எங்கள் ஆபீசில் வழக்கமாக்கினோம். பக்கத்துத் தாலுகாக்காரர்கள் வந்து எப்படி என்று கேட்டுப் போனார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தவரை ஜமாபந்தியைத் தாண்டி ஒரு மேல்முறையீடு கிடந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அந்த உதவியாளர் பெண்ணுக்கும் என் பதில் இதுதான். காகிதத்தை ஆள் பின்னால் அனுப்பாதீர்கள் அம்மா, ஆட்களைக் கொண்டுவந்து காகிதத்தைச் சுற்றி நிறுத்துங்கள். உங்கள் அதிகாரி ஓடினால் ஜீப்பில் ஏறிக்கொள்ளுங்கள்.

பச்சையம்மாளை அதற்கப்புறம் ஒரு முறை பார்த்தேன். உதவித்தொகை வாங்குகிறவர் ஊரில் இருக்கிறாரா என்று வருஷா வருஷம் போய்ப் பார்க்க வேண்டும். ஆர்.ஐ.யின் வேலை அது. நானும் கூடத் தொற்றிக்கொண்டேன். நாங்கள் போனபோது உச்சிவேளை. குடிசைக் கூரை வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே குனிந்து பார்த்தால், அடுப்புக்கு எதிரில் இலையைப் போட்டுக்கொண்டு மணியக்காரர் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“குந்து தம்பி, துன்றப்ப எழுந்துக்காத” என்று அவரை அடக்கிவிட்டு, பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினார். “நானும் முறை வச்சிருக்கேன் நைனா. மணியார்டர் வந்ததும் மாசத்துக்கு ஒரு வூட்டுல ஒருத்தர். எனக்குப் போட்ட வூடு ஒண்ணு பாக்கி இல்லாம என் சோத்தத் துன்னணும். இந்த மாசம் இவரு.”

மணியக்காரர் தலை குனிந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார். பச்சையம்மாள் கரண்டியோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னா தம்பி, உப்பு பத்தலையா? வாயத் தொறந்து கேளு. இந்த வூட்ல கேக்கலாம்.”

அவர் என்னைப் பார்த்தார், ஆர்.ஐ.யைப் பார்த்தார், இலையைப் பார்த்தார்.

“கொஞ்சம் உப்பு போடு அண்ணி” என்று கேட்டார்.